சாவியை வாங்கிக்கொள்கிறவர்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் தாய்மாமாவுக்கு, ஓட்டல் வாசலில் சாவியை வாங்கிக்கொண்டு வண்டியை அவர்களே கொண்டுபோய் நிறுத்துகிற வேலட் பார்க்கிங் என்ற ஏற்பாடே பிடிக்காது. "யாரு பெத்த புள்ளையோ, பேருகூடத் தெரியாது. அவன் கையில சாவியக் கொடுத்துட்டு உள்ள போய் எப்பிடிடா உன்னால நிம்மதியா சாப்பிட முடியுது?" என்பார். சாதாரண வண்டி வைத்திருந்தவரை இதைக் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். ஆடி டி.டி. ஸ்போர்ட்ஸ் கார் வந்த பிறகு அப்படி நகர முடியவில்லை. பல வருட ஆசை அது. சென்னையில் ஒருவர் கண்ணும் கருத்துமாக வைத்திருந்த வண்டியை, விலை படியும்வரை காத்திருந்து வாங்கினேன். 2015-ல் இந்தியாவுக்கு வந்த மூன்றாம் தலைமுறை மாடல். இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், 230 குதிரைத்திறன், நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட ஐந்தரை நொடிகூட ஆகாது. புதுச்சேரி வீதிகளில் அந்த வேகத்துக்கு ஒரு வேலையும் இல்லை என்பது தெரிந்துதான் வாங்கினேன். விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில், அதாவது இ.சி.ஆரில், மரக்காணம் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய், ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவதில் இருக்கும் சந்தோஷம் எனக்குப் போதும்.

இந்த வண்டியின் சாவியை ஓட்டல் வாசலில் நிற்கும் ஒருவரிடம் கொடுக்கலாமா, கூடாதா? நண்பர்களைக் கேட்டால் இரண்டு கட்சி. ஒரு கட்சி, கொடுக்கவே கூடாது, அரை கிலோமீட்டர் நடந்தாலும் பரவாயில்லை என்கிறது. இன்னொரு கட்சி, இன்சூரன்ஸ் இருக்கிறது, வண்டி வெறும் வண்டிதானே என்கிறது. இரண்டுமே எனக்கு ஒட்டவில்லை. வண்டி வெறும் வண்டி என்றால் நான் அதை வாங்கியிருக்கவே மாட்டேன். யாரையும் நம்பாமல் ஒரு நல்ல பொருளை வைத்துக்கொண்டிருப்பதும் எனக்குப் பிடித்த வாழ்க்கை இல்லை. இரண்டு கட்சிக்காரர்களும் சாவியைக் கொடுக்கிறவரைப் பற்றித்தான் பேசுகிறார்கள், வாங்கிக்கொள்கிறவரைப் பற்றி யாரும் பேசவில்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

நம் ஊரில் வண்டி எங்கே போகிறது

புதுச்சேரியின் பழைய பிரெஞ்சுப் பகுதியான வெள்ளை நகரத்தில் வேலட் என்பது பெரிய நகரத்து ஐந்து நட்சத்திர ஓட்டல் வேலட் இல்லை. அந்த ஓட்டல்களில் உங்கள் வண்டி அதே கட்டடத்தின் அடித்தளத்துக்குப் போகும், வழியெல்லாம் கேமரா இருக்கும். இங்கே உணவகமாகவும் தங்கும் விடுதியாகவும் மாறியிருக்கிற பழைய பிரெஞ்சு வீடுகளுக்கு மதில் சுவர் தெருவோடு ஒட்டி நிற்கிறது. வீட்டுக்குள் முற்றம் இருக்கும், காகிதப்பூக் கொடி இருக்கும், வண்டி நிறுத்த மட்டும் இடம் இருக்காது. சனிக்கிழமை சாயங்காலம் சென்னை வண்டியும் பெங்களூரு வண்டியுமாக ஊர் நிரம்பிவிடும். ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விட மாட்டார்கள் என்பதால் அந்தக் கூட்டமும் உள்வீதிகளுக்குத்தான் வந்து சேரும். வாசலில் ஒரு சின்ன மேசை, கொக்கி அடித்த ஒரு பலகை, அதில் வரிசையாகச் சாவிகள், இரண்டு பையன்கள். சாவியைக் கொடுத்த பிறகு உங்கள் வண்டி ஓட்டலுக்குள் போவதில்லை. பாரதி பூங்காவைச் சுற்றிக்கொண்டு எங்கேயோ ஒரு வீதிக்கு, சில நேரம் பெரிய வாய்க்காலையும் தாண்டி, ஒரு வேப்ப மரத்தடிக்குப் போகிறது. நிறுத்திய பையன் அங்கிருந்து ஓடி வருகிறார். நோ பார்க்கிங்கில் நிறுத்தியதற்கு அபராதம் வந்தால் அது உங்கள் பெயருக்குத்தான் வரும். வண்டிப் பதிவு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான் காவல்துறைக்குத் தெரியும்.

கல்யாண மண்டபம் என்றால் இன்னும் வேறு. மண்டபத்துக்காரர் ஒரு காண்டிராக்டரிடம் விடுவார், காண்டிராக்டர் முகூர்த்த நாளுக்கு மட்டும் ஆள் பிடிப்பார். சட்டையில் மண்டபத்தின் பெயர் இருக்கும், ஆனால் அந்தப் பையனை மண்டபத்துக்காரருக்குத் தெரியாது. ஏதாவது ஆகிவிட்டால் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டுவதற்கு ஏற்ற மாதிரியே இந்தச் சங்கிலி அமைந்திருக்கிறது.

பயம் எதைப் பார்த்து

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறவர்களின் பயம் எல்லாம் ஒரே காட்சியில் நிற்கிறது. நாம் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, நம் வண்டியை எவனோ வெளியே எடுத்து முறுக்கிக்கொண்டிருக்கிறான் என்ற காட்சி. வண்டி செய்கிற கம்பெனிகளும் இந்தக் காட்சியைத்தான் மனதில் வைத்திருக்கின்றன. அமெரிக்காவில் 2015 மாடல் கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரில் வேலட் மோட் என்று ஒன்று வைத்தார்கள். பின்கோட் போட்டுவிட்டுப் போனால் உள்ளே இருக்கும் பெட்டிகள் பூட்டிக்கொள்ளும், வண்டி போன வேகம் முதல் முன்னால் தெரியும் காட்சி வரை பதிவாகும், உள்ளே பேசுகிற பேச்சுகூடப் பதிவாகும். கடைசியில் அந்தப் பேச்சுப் பதிவுதான் சிக்கலானது. அனுமதி இல்லாமல் ஒருவர் பேசுவதைப் பதிவு செய்வது சில மாநிலங்களில் குற்றம் என்பதால், அந்த வசதியைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2014 செப்டம்பரில் கம்பெனியே சொல்ல வேண்டியதாயிற்று. டாட்ஜ் ஹெல்கேட் என்ற இன்னொரு அமெரிக்க வண்டிக்கு இரண்டு நிறத்தில் சாவி. சிவப்புச் சாவி போட்டால்தான் 707 குதிரைத்திறனும் கிடைக்கும், கறுப்புச் சாவிக்கு 500தான். அதற்கும் மேல் ஒரு வேலட் மோட் இருக்கிறது, அது எஞ்சினை இன்னும் அடக்கி வைக்கும். டெஸ்லாவில் வேலட் மோட் போட்டால் மணிக்கு 70 மைலுக்கு மேல் வண்டி போகாது.

இதையெல்லாம் குறை சொல்ல மாட்டேன். வண்டியை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றியவர்களும் உண்டு, அதனால்தானே இவை வந்தன. ஆனால் இத்தனை மூளையும் சாவியை வாங்கிக்கொள்கிறவரைப் பிடிப்பதற்கும் தடுப்பதற்கும் செலவாகியிருக்கிறது. முன்பின் தெரியாத வண்டியில் ஏறி உட்காருகிற அவருக்கு, இந்த வண்டி இப்படி ஓடும் என்று சொல்ல எதுவும் இல்லை. என் வண்டியையே எடுத்துக்கொள்கிறேன். கதவுக் கண்ணாடியைச் சுற்றிச் சட்டம் கிடையாது. கைப்பிடியை இழுத்ததும் கண்ணாடி ஒரு விரற்கடை கீழே இறங்கும், கதவு மூடியதும் ஏறி ரப்பருக்குள் உட்காரும். பழக்கமில்லாதவர்கள் கண்ணாடியின் விளிம்பைப் பிடித்துத் தள்ளித்தான் கதவைச் சாத்துவார்கள். இரண்டே கதவு என்பதால் ஒவ்வொன்றும் நீளம். சின்ன இடைவெளியில் நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தால் பக்கத்து வண்டியிலோ மதிலிலோ போய் இடிக்கும். நடுவில் திரையே இல்லை. ரிவர்ஸ் கேமராவின் படம் ஸ்டியரிங்குக்குப் பின்னால், ஸ்பீடோமீட்டர் இருக்கிற இடத்தில் வரும். புதிதாக ஏறுகிறவர் நடுவில் திரையைத் தேடுவார், கேமரா வேலை செய்யவில்லை என்று நினைத்துக்கொண்டு தலையை வெளியே நீட்டி ரிவர்ஸ் எடுப்பார். ஹேண்ட் பிரேக்குக்குப் பதிலாக ஒரு சின்ன சுவிட்ச். டயரின் பக்கச்சுவர் குட்டை, நடைபாதை ஓரக் கல்லில் உரசினால் முதலில் அடி வாங்குவது அலாய் வீல்தான். பட்டன் ஸ்டார்ட் வண்டிகளில் இன்னொன்றும் நடக்கும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே உரிமையாளர் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவார். பையன் கொண்டுபோய் நிறுத்தி அணைத்துவிடுவார், அப்புறம் யார் வந்தாலும் ஸ்டார்ட் ஆகாது.

பார்க்கிங்கில் வண்டிக்கு வருகிற அடி பெரும்பாலும் இந்த வகைதான். பழக்கமின்மை, அவசரம், இடமின்மை. இதில் எதுவும் பையனின் குணத்தைப் பற்றியது இல்லை.

டார்ச் அடித்துப் பார்த்தவர்

இ.சி.ஆர். பக்கம் ஒரு மண்டபத்தில் வரவேற்பு. நெருங்கிய சொந்தம், நேரத்துக்குப் போயே ஆக வேண்டும். மண்டபத்து வளாகம் நிரம்பிவிட்டது, எதிரில் இருந்த காலி மனையில் நிறுத்திக்கொண்டிருந்தார்கள். நான் இறங்கிச் சாவியை நீட்டினேன். இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயது இருக்கும் அந்தத் தம்பிக்கு. சாவியை வாங்கவில்லை. "ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லிவிட்டு மொபைல் டார்ச்சைப் போட்டுக்கொண்டு வண்டியைச் சுற்ற ஆரம்பித்தார். முன் பம்பர், வலப்பக்கக் கதவு, பின்பக்கம் என்று நின்று நின்று போட்டோ எடுத்தார். இடது முன் சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்து, வீலின் ஓரத்தில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். முந்தைய உரிமையாளர் காலத்திலிருந்தே அங்கே ஒரு உரசல் இருக்கிறது. விரலை அதன்மேலேயே வைத்துக்கொண்டு இன்னொரு போட்டோ.

எனக்குச் சுருக்கென்றது. வண்டியை நம்பிக் கொடுப்பது நான், சந்தேகப்படுவது இவரா என்று ஒரு எண்ணம். பின்னால் இரண்டு வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அவர் எழுந்து வந்து, போட்டோவை என்னிடம் காட்டினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். இது முன்னாடியே இருக்குதுன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டாப் போதும்."

"ஆமாம்பா, பழசுதான். எல்லா வண்டிக்கும் இப்படி எடுப்பியா?"

"போன சீசன்ல ஒரு வண்டி சார். பம்பர் ஏற்கெனவே வெடிச்சிருந்துச்சு, இருட்டுல நான் கவனிக்கல. கெளம்புறப்ப பாத்துட்டு, நீதான் இடிச்சன்னாங்க. சூப்பர்வைசர் அவங்க முன்னாடி எதுவும் பேசல. எனக்குத்தான் கூலியில புடிச்சாங்க. அதுலேர்ந்து எடுத்துக்குறேன்."

சொல்லிவிட்டு ஒரு விநாடி நிறுத்தினார். அப்புறம், "சாவி உங்க கையில இருக்குறவரைக்கும் வண்டி உங்களுது சார். நான் வாங்கிட்டா, அதுக்கப்புறம் எது ஆனாலும் என் தலையிலதான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மழை வருகிற மாதிரி இருக்கிறது என்று சொல்வதுபோல இயல்பாகச் சொன்னார்.

அதன் பிறகு அவர் கேட்டதுதான் எனக்கு இன்றுவரை மறக்கவில்லை. "இந்த வண்டி நான் ஓட்டுனதில்ல சார். ஹேண்ட் பிரேக் எங்க இருக்குது, காட்டிட்டுப் போறீங்களா?" இத்தனை நாளில் எத்தனையோ பேர் என் வண்டிகளை வாங்கி நிறுத்தியிருக்கிறார்கள், ஒருவர்கூட இப்படிக் கேட்டதில்லை. அவரை உட்கார வைத்து, நான் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டேன். பிரேக்கை மிதித்துக்கொண்டு பட்டன், கியரை டி-க்குத் தள்ளுவது, பிரேக்கைக் கொஞ்சம் விட்டாலே வண்டி தானாக நகரும் என்பது, கேமரா படம் எங்கே தெரியும் என்பது, கண்ணாடியைத் தொடாமல் கதவை மூடுவது என்று எல்லாம் காட்டினேன். ஒவ்வொன்றையும் ஒரு தடவை செய்து பார்த்துக்கொண்டார். காலி மனைக்குள் இறங்கும் இடத்தில் மண் சரிந்திருந்தது. அவரே நிறுத்தி, "இது நேரா எறங்குனா முன்னாடி இடிக்கும் சார், கொஞ்சம் சாய்ச்சு எறக்குறேன்" என்று ஸ்டியரிங்கை ஒடித்து, ஒவ்வொரு சக்கரமாக இறக்கினார். தாழ்வான வண்டிக்கு அதுதான் சரியான வழி. அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

அன்றைக்கு நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். மாமாவின் கேள்விக்குப் பதில் அங்கேதான் எனக்குக் கிடைத்தது.

டோக்கனின் பின்பக்கம்

வேலட் டோக்கனைத் திருப்பிப் பார்த்தால், வண்டி உரிமையாளர் பொறுப்பில் நிறுத்தப்படுகிறது, நிர்வாகம் பொறுப்பல்ல என்று பொடி எழுத்தில் இருக்கும். நிறைய பேர் அதை நம்பி வாயை மூடிக்கொள்கிறார்கள். உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் இதைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிட்டது. 1998 ஆகஸ்ட் 1 இரவு, டெல்லி தாஜ் மஹால் ஓட்டலுக்கு ஒருவர் மாருதி ஜென்னில் போனார். சாவியை வேலட்டிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய், நள்ளிரவு தாண்டி வெளியே வந்தால் வண்டி இல்லை. வேறு வண்டியில் வந்திருந்த ஒருவன், மேசையில் இருந்த ஜென்னின் சாவியை எடுத்துக்கொண்டு போய் வண்டியைக் கிளப்பிவிட்டான். டோக்கனில் வழக்கமான அந்த வாசகம் இருந்தது. இன்சூரன்ஸ் கம்பெனி ஓட்டல்மேல் வழக்குப் போட்டு, அது வண்டி போய் இருபத்தோரு வருடம் கழித்து முடிந்தது. சாவியை வாங்கி டோக்கன் கொடுத்துவிட்டால் வண்டி ஓட்டலின் காவலில் இருக்கிறது, தன் பக்கம் கவனக்குறைவு இல்லை என்று ஓட்டல்தான் காட்ட வேண்டும், உரிமையாளர் பொறுப்பு என்று அச்சடித்துவிட்டுக் கவனக்குறைவிலிருந்து தப்பிக்க முடியாது என்றது தீர்ப்பு. 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 148, 151 பிரிவுகள்தான் அடிப்படை. பிறர் பொருளை ஒப்படைப்பாக வாங்கிக்கொண்டவர், ஒரு சாதாரண விவேகமுள்ள மனிதர் தன் பொருளைப் பார்த்துக்கொள்வது போலப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த வழக்கில் வண்டி போனது, கைக்கெட்டும் இடத்தில் சாவி கிடந்ததால். நம் ஊர் வாசல்களில் இருக்கும் கொக்கிப் பலகையை இதற்கப்புறம் பார்த்தால் எனக்குப் பகீரென்கிறது. இரண்டு பையன்களும் வண்டி எடுக்க ஓடியிருக்கும் நேரத்தில் அந்தப் பலகைக்கு ஆளே இல்லை. ஒரு பூட்டு போட்ட பெட்டி வாங்கப் பெரிய செலவு ஆகாது.

ஆனால் என் மனதில் நிற்பது வேறு விஷயம். தீர்ப்பு, உரிமையாளருக்கும் ஓட்டலுக்கும் நடுவில் இருக்கும் கணக்கைச் சரி செய்தது. ஓட்டலுக்குக் கீழே காண்டிராக்டர், காண்டிராக்டருக்குக் கீழே அந்தத் தம்பி என்று இறங்கும் கணக்கை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. மேலே இருந்து வரும் நஷ்டம் எல்லாம் கடைசியில் ஒரு நாள் கூலிக்காரரின் சட்டைப்பையில் போய் விழுகிறது. இது அவருக்கு அநியாயம் என்பதோடு முடிந்துவிடவில்லை, நம் வண்டிக்கும் கெடுதல். கீறல் விழுந்தால் கூலி போகும் என்று தெரிந்தவர் கீறலைச் சொல்ல மாட்டார். அடிபட்ட பக்கத்தை மதிலோடு ஒட்டி நிறுத்துவார், எச்சில் தொட்டுத் துடைத்துவிடுவார், நாம் கிளம்பும்போது இருட்டான பக்கத்தில் கொண்டுவந்து விடுவார். மறுநாள் காலை வீட்டு வாசலில் நின்றுகொண்டு நாம் அந்தப் பையனைத் திருட்டுப்பயல் என்று திட்டுவோம். சொன்னால் தண்டனை என்று வைத்துவிட்டு, சொல்லவில்லையே என்று கோபப்படுவதில் என்ன நியாயம்? இன்சூரன்ஸ் கிளெய்ம் போட வேண்டிய அடியாக இருந்தால், எப்போது, எங்கே, எப்படிப் பட்டது என்று உண்மையைச் சொல்ல ஒரு ஆள் நமக்கும் வேண்டும்.

அதனால் இப்போது நான் யாருக்குக் கொடுப்பது என்பதை அவர் நடந்துகொள்வதை வைத்து முடிவு செய்கிறேன். வண்டியைச் சுற்றிப் பார்க்கிறவர், கேள்வி கேட்கிறவர், "எனக்குப் பழக்கமில்ல, நீங்களே போட்டுடுங்க, எடம் காட்டுறேன்" என்று சொல்லத் தயங்காதவர், இவர்களுக்குத் தயங்காமல் கொடுக்கிறேன். நான் இறங்குவதற்கு முன்னாலேயே கதவுக் கண்ணாடியில் கை வைத்துச் சாவியைப் பிடுங்குகிறவருக்குக் கொடுப்பதில்லை. அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை, அவசரத்தில் இருக்கிறார், அவ்வளவுதான். கொடுக்கும்போது பேரைக் கேட்கிறேன், எங்கே நிறுத்தப் போகிறார் என்று கேட்கிறேன், என் மொபைல் நம்பரைக் கொடுக்கிறேன். ஏற்கெனவே இருக்கிற உரசலை நானே காட்டிவிடுகிறேன். "ஏதாவது பட்டுடுச்சுன்னா என்கிட்ட நேரா சொல்லு, உன் சூப்பர்வைசர் வரைக்கும் போகாது" என்றும் சொல்கிறேன். இந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் பெரும்பாலானவர்கள் ஒரு தடவை நிமிர்ந்து முகத்தைப் பார்க்கிறார்கள்.

மாமாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்போ பையன நம்புறேங்குற" என்றார். பையனை நம்புகிறேன், அவரை நிற்க வைத்திருக்கும் ஏற்பாட்டைத்தான் நம்பவில்லை என்றேன். அவருக்கு இது முழுசாக ஒப்பவில்லை. அவர் தன் வண்டியைத் தானேதான் நிறுத்துவார், நிறுத்தட்டும்.

தை மாதம் என் மச்சான் மகளுக்குக் கல்யாணம், மண்டபம் பேசுகிற பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. வேலட்டுக்கு என்று தனியாக ஒரு தாள் எழுதிக் கொண்டுபோனேன். வருகிற எல்லோருடைய ஓட்டுநர் உரிமமும் முன்கூட்டியே மண்டபத்துக்கு வர வேண்டும். சாவிக்குப் பூட்டு போட்ட பெட்டியும், அதன் பக்கத்தில் நகராமல் ஒரு ஆளும் வேண்டும். ஒவ்வொரு வண்டியையும் வாங்கும்போது நான்கு பக்கமும் போட்டோ எடுக்க வேண்டும், காலி மனையில் விளக்கு வேண்டும், பையன்களுக்குச் சாப்பாடு பந்தியில் வேண்டும். மேனேஜர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசி வரியில், எந்த வண்டிக்கு என்ன ஆனாலும் பையன்களின் கூலியில் பிடிக்கக் கூடாது, நஷ்டம் மண்டபத்துக்கும் காண்டிராக்டருக்கும் நடுவில் தீர வேண்டும் என்று எழுதியிருந்தேன். அதற்கு மட்டும் காண்டிராக்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். கேட்டுச் சொல்லட்டும். அந்த வரியில் கையெழுத்து விழாமல் முன்பணம் கொடுப்பதாக இல்லை என்று மச்சானிடமும் சொல்லிவிட்டேன்.